பூசையில் வைத்த போன்

மேலப்பனையூர், மன்னார்குடி வழி
20.9.2024

சுடர்விழிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. வீட்டை விட்டுப் போய் நாற்பத்திரண்டு நாள் ஆகிறது, ஒரு போன் இல்லை. உன் சிநேகிதி ஆமினா டீச்சரிடம் போய் நின்றால், "லெட்டர் எழுதிக் குடுங்கண்ணே, சேர்த்துடறேன். எங்க இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க" என்கிறது அந்தப் பெண். கூடப் பிறந்தவன் நான், டியூஷன் சென்டர் வாசலில் கை கட்டி நிற்கிறேன். எனக்கு இது தேவையா?

புருஷன் பெண்டாட்டி சண்டை எந்த வீட்டில் இல்லை? மாப்பிள்ளை புகழேந்தி உன்னைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அப்பா செத்த அன்றைக்குப் பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரை கூட நின்ற மனுஷன். சுற்று வட்டாரத்தில் அறுப்பு மிஷின் அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் போட்ட குறுவை நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, மழை எந்நேரமும் இறங்கும். "மச்சான் வயல்லதான் முதல்ல மிஷினை இறக்குவேன்" என்று ஊரறியச் சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவரை விட்டு ஓட உனக்கு எப்படி மனசு வந்தது? பேசாமல் திரும்பி வந்து, ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, குடும்பம் நடத்துகிற வழியைப் பார்.

இன்னொன்று. பத்து நாளாக என் போனில் ஒரு ரோதனை. 'துணைக்கரம்' என்று ஏதோ வெப்சைட்டாம். "எங்கள் தளம் புதுப்பிக்கப்பட்டுள்ளது. பழைய பாஸ்வேர்டு இனிச் செல்லாது. புதியதை அமைக்க இந்த எண்ணைப் பயன்படுத்தவும். பத்து நிமிடம் மட்டுமே செல்லும்" என்று ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் வருகிறது. நான் எதையும் கேட்கவில்லை. முந்தாநாள் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் வந்தது. எட்டிப் பார்த்து, "அது என்ன மச்சான், துணைக்கரம்?" என்றார். பாங்கிலிருந்து வருது என்று சமாளித்தேன். எதற்குச் சமாளித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. இது உன் வேலையா?

உன் அண்ணி மாலதி, "வரச் சொல்லி எழுதாதீங்க, நல்லா இருக்காளான்னு கேட்டு எழுதுங்க" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

நெடுமாறன்

*

26.9.2024

அண்ணா,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நன்றாக இருக்கிறேன். மூன்று வேளை சோறு கிடைக்கிறது. நான் படுக்கிற அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. இதுவரை நான் இருந்த எந்த வீட்டிலும் அதை நானாகப் போட்டுக்கொண்டதில்லை.

அந்த வெப்சைட் என்னுடையதுதான். வீட்டை விட்டு வெளியே வந்த பெண்களுக்காக நடத்துகிறார்கள். இந்த விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தது அது. வக்கீல் கொடுத்ததும் அதுவே. நான் எங்கே இருக்கிறேன் என்பது, வக்கீலுக்குக் காட்ட எடுத்த போட்டோக்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு, கோர்ட்டு மனு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அக்டோபர் 21 வாய்தா. இந்த நேரம் பார்த்துத் தளத்தைப் புதுசாக மாற்றி, எல்லாருடைய பாஸ்வேர்டையும் செல்லாததாக்கிவிட்டார்கள். பாதுகாப்புக்காகவாம்! இரண்டு வாரமாக நான் வெளியே நிற்கிறேன்.

உன் நம்பர் அதில் எப்படிப் போனது என்று திட்டாதே. கணக்குத் தொடங்கிய அன்றைக்கு என்னிடம் போன் இல்லை. அதை அவர் கல்லில் அடித்து உடைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஆமினாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வந்தேன், மொபைல் எண் கேட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றுதான். பள்ளிக்கூட பாரத்திலிருந்து கேஸ் கனெக்‌ஷன் வரைக்கும் உன் நம்பரைத்தானே எழுதியிருக்கிறோம். கை தன்னால் எழுதிவிட்டது.

உதவி எண்ணுக்குப் போன் செய்து நம்பரை மாற்றித் தாருங்கள் என்றேன். "உள்ள போயி 'என் விவரம்' பகுதியில நீங்களே மாத்திக்கலாம் மேடம்" என்றது ஒரு பெண். "உள்ள போக முடியலன்னுதானே கூப்பிடறேன்?" என்றேன். "அதுக்குப் பழைய நம்பருக்கு வர்ற ஆறு இலக்கக் கோடைப் போடுங்க" என்றாள். சிரிப்பதா அழுவதா, சொல். கோடு பத்து நிமிஷம் செல்லும். நம் கடிதம் வந்து சேர நாலு நாள் ஆகிறது.

அதனால் ஒன்று செய். அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆமினா உன் வீட்டுக்கு வருவாள். அந்த நேரத்துக்கு நான் இங்கே கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்குவேன். உனக்கு வருகிற நம்பரை ஆமினாவிடம் சொல், அவள் விடுதிக்குப் போன் செய்து எனக்குச் சொல்வாள். விடுதி நம்பரை உனக்குத் தரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே. இந்த ஒன்றை எனக்காகச் செய், அண்ணா. வேறு எதுவும் கேட்கவில்லை.

சுடர்

*

மேலப்பனையூர்
5.10.2024

சுடருக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஆனாலும் காரியம் கெட்டுவிட்டது. அது என் தப்பு இல்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு நம்பர் வந்தது. ஆமினாவிடம் படித்துக் காட்டினேன். உனக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் இன்னொரு நம்பர் வந்துவிட்டது. முதல் நம்பர் தப்பு என்கிறாய் நீ. சரி என்று இரண்டாவதைச் சொன்னால் அதற்குள் மூன்றாவது வந்து நிற்கிறது! மூன்று தடவை தப்பானதால் ஏழு நாள் பூட்டு, இனி 11ஆம் தேதி பதினோரு மணிக்குத்தான் திறக்கும் என்று வந்ததாமே. ஏன் அப்படிப் பறந்து பறந்து அமுக்கினாய்? பதறாத காரியம் சிதறாது என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தாரே.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, பயப்படாதே. அந்த நேரம் அவர் எதிர் வயலில் மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் போனை நோண்டிக்கொண்டிருந்தார். பிளேடு தேய்ந்துவிட்டதாம், புதுசுக்குச் சொல்லியிருக்கிறாராம். அது வந்தால்தான் அறுப்பு.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். போனைக் கல்லில் அடித்தார் என்கிறாய். அது தப்புதான். நானே கேட்கிறேன் அவரிடம், சமயம் பார்த்து. ஆனால் சுடர், மனுஷன் உருகிப்போய்க் கிடக்கிறார். இப்போதெல்லாம் மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான். கரண்டு இல்லை என்று போனையும் இங்கேயே சார்ஜ் போடுகிறார். பேச்செல்லாம் உன்னைப் பற்றித்தான். அம்மா பிறந்த ஊர் எது என்று கேட்டார், அங்கே அம்மனுக்குப் பொங்கல் வைத்தால் நீ திரும்பி வருவாயாம். ராயநல்லூர் என்றேன். நீ முதல்முதலில் படித்த பள்ளிக்கூடம் எது என்றார், அந்தப் பிள்ளைகளுக்கு உன் பேரில் நோட்டு வாங்கித் தருவாராம். தெற்குத்தெரு பாலர் பள்ளி என்று சொன்னேன். கேட்டு எழுதிவைத்துக்கொண்டார். ஒரு பெண்டாட்டியைப் பற்றி இவ்வளவு கேட்கிற புருஷனை நான் பார்த்ததில்லை.

மாலதி அவருக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாரும் சேர்ந்து என்னை ஏன் இப்படி வதைக்கிறீர்கள்?

அண்ணன்

*

8.10.2024

அண்ணா,

நான் ஒரே ஒரு தடவைதான் அமுக்கினேன். மற்ற இரண்டும் நான் இல்லை, மிஷினுக்கு அடியில் போனை நோண்டிக்கொண்டிருந்தவன்.

உன் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. கோடு மட்டும் இருந்தால் போதாது, அதைப் போடுகிற இடத்திலேயே மூன்று கேள்வியும் கேட்டிருக்கும். அம்மா பிறந்த ஊர். முதலில் படித்த பள்ளி. வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர். வெளியாள் யாருக்கும் தெரியாது என்றுதான் இந்த மூன்றையும் நானே தேர்ந்தெடுத்தேன்! அவன் இரண்டை உன்னிடம் வாங்கிவிட்டான். மூன்றாவதைக் கேட்டானா? கேட்டால் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், சொல்லாதே.

ஆமினாவுக்கு நாலு தடவை அடித்தேன், போனை அணைத்து வைத்திருக்கிறாள். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். உன் நம்பருக்கே அடிக்கலாம் என்று எட்டு எண் அமுக்கிவிட்டேன். அவன் எடுத்தால் என்ன செய்வது என்று தோன்றியதும் வைத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் இதை நேராக வீட்டு விலாசத்துக்கு, அண்ணி பெயரில் போடுகிறேன்.

நீ சமயம் பார்த்துக் கேட்கப் போகிறாயே, இதையும் கேள். ஆடி மாதம் என் வலது கையில் கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டாய், குழம்பு கொட்டிவிட்டது என்றேன். நீயும் நம்பினாய். குழம்பு இல்லை. ஓடி நின்ற மிஷின் சைலன்சரில் என் கையை வைத்து அழுத்தி, பத்து எண்ணச் சொன்னான். ஏழில் எனக்குக் குரல் வரவில்லை என்று மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னான். "உங்க அண்ணன்ட்ட சொல்லு, அவன் நெல்லு வயல்லயே மொளைக்கும்" என்றான். அதனால்தான் சொல்லவில்லை. உன் நெல் வீடு வந்து சேரட்டும் என்றிருந்தேன்.

பூட்டு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் திறக்கும். அதற்குப் பிறகு யார் முதலில் நுழைகிறார்களோ அவர்களுக்குத்தான் அது. அவன் நுழைந்தால் என் விலாசம் அவன் கையில். ஆமினா வழியாகச் சுற்றாமல் நேராக வருவதால் வியாழக்கிழமைக்குள் இந்தக் கடிதம் வந்துவிடும். வந்ததும் போனை அணைத்துவிடு. சிம்மைக் கழற்றி அண்ணியிடம் கொடு. அறுப்பு மிஷின் இல்லாவிட்டால் ஆள் விட்டு அறுத்துக்கொள்ளலாம், அண்ணா.

சுடர்

*

மேலப்பனையூர்
14.10.2024, காலை ஒன்பது மணி

சுடரு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. வெள்ளி ஆயுதபூசை, சனி விஜயதசமி, அப்புறம் ஞாயிறு. தபால்காரர் இன்றைக்குத்தான் சைக்கிளை எடுத்திருக்கிறார். மாலதி வாங்கிப் படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

நான் சொல்லிவிட்டேன், சுடர். அந்த மூன்றாவதையும் சொல்லிவிட்டேன். புதன்கிழமை சாப்பிடும்போது, "சின்ன வயசுல சுடரை என்னன்னு கூப்பிடுவீங்க மச்சான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அயிரை என்றேன். குளிப்பாட்டப் பிடித்தால் அயிரை மீன் மாதிரி நழுவி வாய்க்காலுக்கு ஓடுவாயே, அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கிறார் என்று நானும் சிரித்தேன். என் நாக்கை அறுத்துப் போட்டால் தகும்.

இன்னும் கேள். வெள்ளிக்கிழமை எங்கள் வயல் ஓரத்திலேயே மிஷினுக்குப் பூசை போட்டான். மாலை, சந்தனம், பூசணிக்காய் எல்லாம் அவன் செலவு. மிஷின் முன்னால் பலகை போட்டு அரிவாள், மண்வெட்டி, ஸ்பேனர் எல்லாவற்றையும் அடுக்கினோம். "போனையும் வைங்க மச்சான், இந்தக் காலத்துல அதுவும் ஆயுதந்தானே" என்றான். அவன் போனையும் வைத்தான், என் போனையும் வாங்கிப் பொட்டு வைத்து வைத்தான். பூசையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது என்பது உனக்கும் தெரியுமே. அப்பா இருந்தவரை அன்றைக்கு ஒரு ஆணி கூட எடுக்கவிடமாட்டார். நானும் தொடவில்லை. "நான் காவலுக்கு இருக்கேன், நீங்க போயி சாப்பிடுங்க" என்றான். பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து மதியம் ஒரு மணிக்குத்தான் திரும்பிப் போனேன். சுண்டல் கொண்டுபோய் வேறு கொடுத்தேன் அவனுக்கு.

சனிக்கிழமை போனை எடுத்துப் பார்த்தால் துணைக்கரம் அனுப்பிய ஒரு மெசேஜ்கூட இல்லை. பழையது எல்லாமே போயிருந்தது. அப்போதும் என் புத்திக்கு உறைக்கவில்லை. ரோதனை விட்டது என்று நினைத்தேன்.

நேற்றிலிருந்து அவனைக் காணோம். மிஷின் வயல் ஓரத்தில் அப்படியே மாலையோடு நிற்கிறது. டிரைவரைக் கேட்டால், "தெற்க போயிருக்காரு, ஒரு ஆளக் கூட்டியாரணுமாம்" என்கிறான்.

உன் கவரில் முத்திரை சரியாக விழவில்லை. பேராவூ என்பது வரைதான் தெரிகிறது. பேராவூரணி என்று வைத்துக்கொண்டு கிளம்புகிறேன். வழியில் ஆமினாவைப் பார்த்து இதைக் கொடுக்கிறேன், எனக்கு முன்னால் உனக்குக் கிடைத்தால் அங்கே நிற்காதே. எங்காவது போய்விடு.

பதினொன்றே கால். பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து குதிக்கிறது. ஆமினா ஊரிலிருந்து வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் விடுதிக்குப் போன் போட்டாள். உங்கள் வார்டன் ரெங்கம்மாள்தான் எடுத்தார். சுடரை உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று ஆமினா சொல்லி முடிப்பதற்குள், "ஏம்மா, அதான் அவங்க அண்ணன் வந்துட்டாரே, எதிர்லதான் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுறாரு" என்றார்.

நான் ஆமினா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், சுடர். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. ஆமினா கத்தினாள். லைன் போய்விட்டது. மறுபடி அடித்தால் யாரும் எடுக்கவில்லை. இந்தப் பஸ் ஏன் இப்படி ஊர்ந்து போகிறது? விலாசம் ஆமினா கொடுத்துவிட்டாள். வந்துகொண்டிருக்கிறேன்.

*

19.10.2024

அண்ணா,

நீ பஸ்ஸில் எழுதியது வக்கீல் மூலமாக வந்தது. இதுவும் அவர் மூலமாகத்தான் வரும். எந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்று ஆமினாவுக்கும் தெரியாது.

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன், நீ பாதிதான் அறிவாய். பூட்டு திறந்த வெள்ளிக்கிழமை விடுதியில் ஆபீஸ் இல்லை, கம்ப்யூட்டர் அறையையும் பூட்டிவிட்டார்கள். சாவி கேட்டு எவ்வளவோ கெஞ்சினேன், லீவு என்றார்கள். உன் வீட்டில் சிம்மைக் கழற்றியிருப்பீர்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சனிக்கிழமை ரெங்கம்மாள் சிரித்த முகமாக மாடிக்கு வந்தார். "சுடரு, உன் கணக்குலேர்ந்து மெசேஜ் போட்டிருக்கியே, சொல்லவே இல்லியே! திங்கக்கெழம உங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறாராமே" என்றார்.

நான் மெசேஜ் போடவில்லை. அது எனக்குத் தெரியும்தானே? ஆனால் அண்ணன் வருகிறார் என்ற சொல் காதில் விழுந்ததும் வேறு எதுவும் ஓடவில்லை. என் கடிதம் கிடைத்து, ஆமினாவைப் பிடித்து, உள்ளே நுழைந்து, நீதான் எனக்காக அப்படிப் போட்டிருக்கிறாய் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அன்று முழுக்க எல்லாரிடமும் எங்கண்ணன் வருது, எங்கண்ணன் வருது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்ன பைத்தியம் பார். துணியெல்லாம் மடித்துப் பையில் வைத்தேன். திங்கட்கிழமை காலையிலேயே தலை சீவிப் பூ வைத்துக்கொண்டேன்.

படி இறங்கி வரும்போது ஆபீஸ் மேசையில் குனிந்து ஒரு ஆள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். உன்னைப் போலவே வெள்ளைச் சட்டை. அண்ணா என்று நான் கூப்பிட்டேவிட்டேன். அதே நேரம் போன் அடித்தது. ரெங்கம்மாள் பேசப் பேச முகம் மாறியது. அவன் கையை நீட்டிப் போன் வயரைப் பிடுங்கினான். பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "அயிரை, வா போகலாம்" என்றான்.

அம்மாவும் நீயும் தவிர ஒருத்தரும் கூப்பிடாத பேர் அது.

ரெங்கம்மாள் வயசானவர், குள்ளம். ஆனாலும் மேசையைத் தள்ளி அவன் வழியை மறித்துக்கொண்டு, "ஓடும்மா!" என்று கத்தினார். சமையல்கட்டு வழியாகப் பின்னால் தென்னந்தோப்பில் இறங்கி ஓடினேன். மட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியில் பெண்கள் என்னை ஏற்றிக்கொண்டார்கள், எதுவும் கேட்கவில்லை. பை அங்கேயே கிடக்கிறது. ரெங்கம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்திருக்கிறதாம். அவன் அகப்படவில்லை. என் கணக்கில் இருந்த போட்டோக்களை எல்லாம் அழித்துவிட்டான், இரண்டு மட்டும் வக்கீலிடம் நகல் இருக்கிறது.

அன்று மதியத்துக்கு மேல் இன்னொருவர் வந்தாராம். நான்தான் நெடுமாறன் என்று ஆதாரைக் காட்டி அழுதாராம். காலையில் வந்தவனும் அந்த ஆதாரின் நகலைத்தான் காட்டினான். மிஷின் மானியத்துக்கு என்று நீ அவனுக்குக் கொடுத்தாயே, அதுதான். ஆதாரில் இருக்கிற முகம் யாருக்குத்தான் பொருந்துகிறது? மதியம் வந்தவரை உள்ளே விடவில்லை. வாட்ச்மேன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதில் ரோட்டில் விழுந்தார் என்று வக்கீல் சொன்னார். அது நீதான் என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடி பலமா, அண்ணா? அதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. நீ ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு துரோகமும் செய்யவில்லை. என்னைப் பற்றிக் கேட்டவனிடம் ஆசையாகப் பேசினாய், அவ்வளவுதான். ஆனால் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நீ ஒருவன்தான். அவன் இனிமேலும் உன்னிடம்தான் வருவான். மிஷினை எடுக்க வருவான், அழுதுகொண்டு வருவான், கடைசியில் அரிவாளோடும் வருவான். உனக்குத் தெரியாததை உன்னிடமிருந்து யாராலும் வாங்க முடியாது. அதனால் உனக்கு எதுவும் தெரிய வேண்டாம். ஆமினாவிடம் போய் நிற்காதே. இதற்குப் பதில் போடாதே. 21ஆம் தேதி கோர்ட்டுக்கும் வராதே, நானும் வரமாட்டேன், வக்கீல் மட்டும் நிற்பார்.

புதுக் கணக்குத் தொடங்கியிருக்கிறேன். அவசரத்துக்குக் கூப்பிட உறவினர் பெயர் கேட்டார்கள். யாரும் இல்லை என்று எழுதினேன். இங்கே வாசலில் இருப்பவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணன் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் கதவைத் திறக்க வேண்டாம் என்று.

நீயே வந்தாலும்.

சுடர்விழி